விளக்கும் குடமும்

அன்புள்ள அண்ணா,

திருமலையில் (திருகோணமலையில்) பிறந்து 17 வருடமாக இலண்டன் ஹரோவில் இருக்கிறேன். 2016 ஜூனில் எனக்கு பிரித்தானியக் குடியுரிமை இருக்கவில்லை, ஆனாலும் பொதுநலவாய நாட்டவன் என்பதால் பிரெக்சிட் வாக்கெடுப்பில் வாக்கு இருந்தது. வெளியேறும் பக்கத்துக்குப் போட்டேன். என் அண்ணா ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்கும் பக்கத்துக்குப் போட்டார். 2018, 2019இல் இரண்டாம் வாக்கெடுப்பு வேண்டும் என்று இலண்டனில் ஊர்வலங்கள் போனபோது எங்களுக்குள் பெரிய சண்டை வந்து, இன்றுவரை சரியான பேச்சில்லை. மக்கள் ஒருமுறை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கேட்பது வாக்களித்தவர்களை முட்டாளாக்குவது என்பது என் கட்சி. டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் 'ஆம்' வரும்வரை விடாமல் கேட்டார்கள் அல்லவா? இப்போது சாமான் விலை ஏறிவிட்டது, கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறியது பிழை என்கிறார்கள். அன்று 11 வயதாக இருந்த என் மகள், "என்னை எப்போது கேட்பீர்கள்?" என்கிறாள். ஒரு நாடு ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கலாமா? நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச., ஹரோ

அன்புள்ள தம்பி,

வழக்கமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று விளக்கீட்டுக்காக அம்மம்மாவின் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். அந்த விளக்கைத் தொடும்போதெல்லாம் எனக்கு 1982ஆம் வருடம் ஞாபகம் வரும். நீங்கள் கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதே விஷயம்தான். அதனால் எழுதுகிறேன்.

சாமான் விலை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அங்கே கடைக்குப் போகிற உங்களுக்குத்தான் அது தெரியும். நீங்கள் எந்தப் பக்கத்துக்குப் புள்ளடி போட்டீர்கள் என்பதற்காகவும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் தெருவில் 20 வருடமாக இருக்கும் பிரெஞ்சுக்காரருக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த உங்களுக்கு இருந்தது, அதை வீணாக்காமல் போய்ப் போட்டீர்கள், நல்ல காரியம். எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு வரியில். "மக்கள் ஒருமுறை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்."

எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? தமிழில் வாக்கு என்ற ஒரே சொல்லை இரண்டு காரியத்துக்கு வைத்திருக்கிறோம். ஒருவருக்குக் கொடுக்கிற வாக்கு, பெட்டியில் போடுகிற வாக்கு. முதலாவதை மாற்றினால் வாக்குத் தவறுதல், சரி. பெட்டியில் போட்டபோது நீங்கள் யாருக்கு என்ன சத்தியம் செய்தீர்கள்? உங்களைக் கேட்டார்கள், அன்று உங்களுக்குப் பட்டதைச் சொன்னீர்கள், அவ்வளவுதான். அங்கே சொல் காப்பாற்ற வேண்டியவர்கள் கேட்டவர்கள், நீங்கள் அல்ல. எங்கள் அரசியலமைப்பின் தமிழில் இதை 'மக்கள் தீர்ப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பென்றால் மேன்முறையீடும் உண்டு என்பது ஒரு காணி வழக்குக்காகவாவது நீதிமன்றப் படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

1982 டிசம்பர் 22. இலங்கை முழுவதற்குமாக நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பு அதுதான். அந்த ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன 52.9 வீத வாக்குகளோடு ஜனாதிபதித் தேர்தலில் வென்றிருந்தார். 1977இல் அவருடைய கட்சிக்குப் பாராளுமன்றத்தில் கிடைத்த ஆறில் ஐந்து பெரும்பான்மை, புதிய விகிதாசார முறையில் ஒரு பொதுத் தேர்தல் வைத்தால் போய்விடும் என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் தெரிந்தது. ஆகவே தேர்தலே வேண்டாம், இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டும் என்று நான்காம் திருத்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்து, அதற்கு மக்களின் சம்மதத்தைக் கேட்டார்கள். சம்மதம் என்றால் விளக்கு. இல்லை என்றால் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே வாக்கெடுப்பும் நடந்தது.

விளக்கையும் குடத்தையும் ஒரு தமிழ் வீட்டில் யாராவது பிரித்து வைப்பார்களா? கல்யாணமோ குடிபூரலோ, வாசலில் நிறைகுடமும் அதற்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கும் வைத்துத்தான் நமக்குப் பழக்கம். அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எனக்கு அப்போது 20 வயது. நான்தான் கையைப் பிடித்து வாக்களிப்பு நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அந்தச் சீட்டில் என்ன கேட்கிறார்கள் என்று நான் அவருக்கு விளக்கவில்லை, அவருடைய வாக்கில் நான் தலையிடக்கூடாது என்று ஏதோ படித்த பெடியன் நினைப்பு. திரும்பி வரும்போது அவரே சொன்னார்: "மார்கழி மாசத்தில விளக்கு வேண்டாம் எண்டு எந்தப் பொம்பிளை சொல்லுவா?"

இரவு அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இனி ஆறு வருசத்துக்கு ஒருத்தரும் எங்களைக் கேக்க மாட்டாங்களோ? தெரியாமப் போட்டிட்டன். இன்னொருக்காக் கேட்டா சரியாச் சொல்லுவன்" என்றார். விளக்குக்கு 31 இலட்சத்துக்கு மேல், குடத்துக்கு 26 இலட்சம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துக்கு ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டிருந்தார்கள், அது எதையும் மாற்றவில்லை. அடுத்த வருடமே, தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொன்ன ஆறாம் திருத்தம் வந்தது, அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்து எங்கள் திருமலைத் தொகுதியின் இரா. சம்பந்தன் உட்படத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். நீட்டிய பாராளுமன்றம் மட்டும் நீண்டுகொண்டே போனது. வருடாவருடம் வாக்காளர் இடாப்புப் படிவத்தோடு கிராமசேவகர் படலையில் வந்து நிற்கும்போது அம்மம்மா எழுந்து போய்க் கேட்பார், "இன்னொருக்காக் கேக்கவோ வந்தனீங்கள்?" அந்த மனிதர் பாவம், என்ன சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15இல் வந்தது. அம்மம்மா 1987இல் போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள் தம்பி. அந்தக் கிழவியிடம் திரும்பிப் போய்க் கேட்டிருந்தால் அது அவரை முட்டாளாக்குவதா? நீங்கள் வாக்களித்த சீட்டிலும் இரண்டே பெட்டிகள்தான், இருப்பதா, வெளியேறுவதா. வெளியேறி எங்கே போய் நிற்பது, சுங்க ஒன்றியத்துக்கு உள்ளேயா வெளியேயா, அயர்லாந்து எல்லையை என்ன செய்வது, ஒன்றும் அதில் இல்லை. வெளியேறும் ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் 2018 நவம்பரில்தான் வந்தது. அதை உங்கள் பாராளுமன்றமே மூன்று முறை தள்ளிவிட்டது. அப்போது, இதோ நீங்கள் கேட்ட வெளியேற்றம் இப்படித்தான் இருக்கும், சம்மதமா என்று மக்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கேட்கலாம் என்ற பிரேரணை 2019 ஏப்ரல் 1ஆம் திகதி 280க்கு 292 என்று தோற்றது. 12 வாக்கு. நீங்களும் அண்ணாவும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த அந்த நாட்கள்தான்.

டென்மார்க், அயர்லாந்து கதையை அரைகுறையாகச் சொல்கிறீர்கள். 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு டென்மார்க் மக்கள் 50.7 வீதம் இல்லை என்றார்கள். அதன் பிறகு நாணயம், பாதுகாப்பு உட்பட நான்கு விடயங்களில் விலக்கு வாங்கிக்கொண்டு வந்து 1993இல் கேட்டபோதுதான் 56.7 வீதம் ஆம் என்றார்கள். அயர்லாந்திலும் ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு 2008இல் இல்லை, வரி, நடுநிலைமை, கருக்கலைப்பு பற்றிய உத்தரவாதங்களோடு 2009இல் ஆம். அவர்கள் இல்லை என்று சொன்னதால்தான் இவையெல்லாம் கிடைத்தன. டென்மார்க் 2022இல் அந்தப் பாதுகாப்பு விலக்கைக்கூட இன்னொரு வாக்கெடுப்பு வைத்துக் கைவிட்டது. தோற்றவர்கள் மறுநாளே திரும்பக் கேட்கச் சொல்வது வேறு விஷயம், அதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் 52க்கு 48 என்று வந்தால் விஷயம் முடியாது என்று 2016 மே மாதத்திலேயே சொன்னவர் நைஜல் பராஜ், உங்கள் பக்கத்துத் தலைவர். இருக்கும் பக்கம் அந்த அளவில் வெல்லும் என்று நினைத்துச் சொன்னார்.

சரி, பல வருடமாக என் மனதைக் கிடந்து அரிக்கிற விஷயத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு இரண்டாம் முறை கேட்பது பிரச்சினை. எங்களுக்கு முதல் முறையே வரவில்லை. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரு மாகாணமாக இணையும், தொடர்ந்து இணைந்திருப்பதா பிரிவதா என்று 1988 டிசம்பர் 31க்கு முன் கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு வைக்கப்படும் என்று. அது எங்களுக்குக் கொடுத்த வாக்கு. இணைந்த மாகாணத்துக்குத் தலைநகரம் நமது திருமலை. மாகாணசபை வந்தது, போனது. வாக்கெடுப்பை மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு வர்த்தமானியில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள், ஜனாதிபதிகள் மாறினார்கள், வர்த்தமானி மாறவில்லை. 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் இணைத்த முறையே செல்லாது என்றது, 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி. இணைக்கும்போதும் எங்களைக் கேட்கவில்லை, பிரிக்கும்போதும் கேட்கவில்லை.

இதில் ஜனாதிபதிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக என் மனம் விடாது. 1981 குடிசனக் கணக்கில் இந்தத் திருமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று ஏறத்தாழ மூன்றில் ஒவ்வொரு பங்கு. வாக்கெடுப்பு வைத்தால் இணைப்பு தோற்றுவிடும் என்று நமது தலைவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் நாங்களும் உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. ஒரு திகதி குறித்து வாக்கெடுப்பு வரும் என்று தெரிந்திருந்தால் நான் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போயிருக்க வேண்டும், என்னோடு வேலை செய்த முஸ்லிம் நண்பர்களின் வீட்டுத் திண்ணையில் இருந்து, ஏன் எங்களோடு சேர்ந்திருக்கப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை, எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், முழுவதும் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கப் போவதில்லை என்றானபின் அந்தப் பேச்சுக்குத் தேவையில்லாமல் போனது. 18 வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பேச்சை நாங்கள் பேசவே இல்லை. இன்றும் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது பட்டது. நீங்களும் அண்ணாவும் வாக்களித்ததற்காகப் பிரியவில்லை. இனிப் பேச ஒன்றும் இல்லை, முடிந்துவிட்டது என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் பிரிந்திருக்கிறீர்கள். முடிந்துவிட்டது என்று சொல்ல நீங்கள் யார், தம்பி?

மகளின் கேள்விக்கு: 2020 ஜனவரி 31இல் நாடு வெளியே போய்விட்டது, ஆகவே இனி வைப்பது இரண்டாம் வாக்கெடுப்பு ஆகாது, திரும்பச் சேர்வதா என்பது புதுக் கேள்வி, போகிற விலையும் சேர்கிற விலையும் வேறு வேறு. அவளுக்கு இப்போது 20 வயது இருக்குமே. அவள் என்ன நினைக்கிறாள் என்று நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. அவளையே எழுதச் சொல்லுங்கள், தமிழ் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் முன்னதாகவே சொல்லுங்கள். அண்ணாவுக்கு நீங்கள் எடுக்காவிட்டால் அவருடைய நம்பரை எனக்கு அனுப்புங்கள், நான் எடுக்கிறேன்.