கட்டணம் செலுத்தி வாங்கிய மொபைல் விளையாட்டு இலவசமானால் பழைய வாடிக்கையாளர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

கொடுத்த பணம் வீணாயிற்றே என்ற வருத்தத்தைவிட, வாங்கியபோது இல்லாத விளம்பரங்களும் காசு கொடுத்துப் பெற வேண்டிய நாணயங்களும் அடுத்த அப்டேட்டில் நுழைந்துவிடுவதே ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளுக்கு முக்கியக் காரணம். அந்தக் கோபம் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில், ஒருவர் முதலில் பெற்றது எந்தப் பதிப்பு என்பதை ரசீதைக் கொண்டே செயலி அறிய முடியும் என்பதால், பழையவர்களுக்கு மட்டும் விளம்பரமற்ற முழு விளையாட்டைத் தொடர்ந்து வழங்குவது இயலாத காரியமன்று. எனினும் எல்லா விலைநீக்கமும் பகையை வளர்ப்பதில்லை: 2011இல் 99 சென்ட் விலையில் வெளிவந்த டெம்பிள் ரன், விரைவிலேயே இலவசமாக்கப்பட்டு, அதன் பின்னரே பெரும்புகழ் பெற்றது.