ஆவணியில் கல்யாணம், செப்டம்பரில் லண்டன்: மன்னார்குடித் தகப்பனாருக்கு ஒரு பதில்

ஐயா,

மகளுக்கு லண்டனில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரோ ஆவணி முகூர்த்தத்துக்குக் கும்பகோணத்தில் மண்டபம் பிடித்துவிட்டு, "கட்டிவிட்டால் ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்" என்கிறார்கள். அந்தக் கணக்கே தப்பு. 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆராய்ச்சி மாணவர்களும் அரசு உதவித்தொகையில் படிப்பவர்களும்தான் துணையை டிபெண்டன்ட் விசாவில் கூட்டிப்போக முடியும். சாதாரண எம்.எஸ்ஸி.க்குக் கிடையாது. படிப்பு முடிந்து வாங்கும் கிராஜுவேட் விசாவிலும் புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. அவள் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வேலைக்குச் சேர்ந்தால்தான் மாப்பிள்ளைக்கு வழி. இதைச் சம்பந்தி வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். தரகர் சொல்ல மாட்டார்.

சரி, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாளைக்கு விவாகரத்து என்று ஏதாவது ஆனால் எந்த நாட்டுச் சட்டம்?

கும்பகோணத்தில் தாலி கட்டினால் அது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம். படிக்கப் போனவளுக்கு நிரந்தர இருப்பிடம் இந்தியாதான் என்பதால், அந்தச் சட்டம் அவளுக்கு அங்கேயும் பொருந்தும். (நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் இருந்து இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவரவர் மதச் சட்டம், வேறு வேறு மதத்தவர் பதிவுத் திருமணம் செய்தால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்.)

ஆனால் அங்கே வசிப்பவர் அங்குள்ள நீதிமன்றத்துக்கும் போக முடியும், சிக்கலே அதில்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார்மீதும் குற்றம் சுமத்தாமலே விவாகரத்துக் கேட்கலாம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தால் போதும், ஒருவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அந்த உத்தரவு இங்கே செல்லுமா? 1991இல் நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. திருப்பதியில் நடந்த கல்யாணம். கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் விவாகரத்து வாங்கிவிட்டார். செல்லாது என்றது நீதிமன்றம். நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மறுதரப்பு மனமொப்பிக் கலந்துகொள்ளாமல் வாங்கும் உத்தரவு இங்கே கட்டுப்படுத்தாது. இருவரும் சம்மதித்து வாங்கினால் ஏற்கப்படும்.

ஒருதலையாக வாங்கினால் அங்கே விவாகரத்தானவர், இங்கே இன்னும் தம்பதி என்ற இரண்டுங்கெட்டான் நிலைமை வரும். அந்த நிலையில் இங்கே மறுமணம் செய்தால் குற்ற வழக்கு. அதனால் வெளிநாட்டு நோட்டீஸ் வந்தால் அலமாரியில் செருகி வைக்கவும் கூடாது, "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று யாராவது சொன்னால் போட்டுவிடவும் கூடாது. முதலில் வக்கீல். உங்கள் மகள் ஊர் திரும்பியிருந்தால், மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுப் போட இந்து திருமணச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

அப்புறம் பதிவு. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் கட்டாயம் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். அவள் விமானம் ஏறுமுன் சார்பதிவாளர் அலுவலக வேலையை முடித்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் முழுதாகவும் திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால், பின்னால் ஒவ்வொரு விசாவுக்கும் விளக்கம் எழுத வேண்டிவரும். மூன்றிலும் எழுத்து மாறாமல் ஒரே பெயர் இருக்கட்டும். சான்றிதழுக்கு அபோஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் ஏற்பதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் போட்டுத் தருவது) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"அங்கேயே போய்க் கட்டிக்கட்டுமே" என்ற உங்கள் மைத்துனர் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. மாப்பிள்ளை சாதாரண விசிட்டர் விசாவில் போய் அங்கே கல்யாணம் செய்ய முடியாது, அதற்கென்று தனி விசா இருக்கிறது. அங்குள்ள பதிவு அலுவலகத்தில் குறைந்தது 28 நாள் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆவணியில் நிச்சயதார்த்தத்தோடு நிறுத்துங்கள். ஒரு வருடப் படிப்புதானே. மண்டபக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸை அடுத்த வருட முகூர்த்தத்துக்கு மாற்றித் தருவாரா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.