தோட்டத்துப் பிள்ளை விவசாயம் படிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க சுங்கை சிப்புட். மாமியார் ரப்பர் வெட்டினவங்க, வீட்டுக்காரர் செம்பனை (பாமாயில் எடுக்கிற மரம்) தோட்டத்துல பழம் வெட்டுறாரு. மக எஸ்டிபிஎம் முடிச்சிட்டா, யூனிவர்சிட்டில விவசாய அறிவியல்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சொந்தக்காரங்க எல்லாம் "தோட்டத்த விட்டு வெளிய வரத்தானே படிக்க வைக்கிறோம், திரும்ப அங்கயே அனுப்பவா"ன்னு கேக்குறாங்க. என்ன பண்றது?

பதில்: தாராளமா படிக்க விடுங்க தங்கச்சி. செம்பனைல வேலை செஞ்ச வயசான பொம்பளைங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, அந்தக் காலத்துல பூவுக்குப் பூ மகரந்தத் தூள கையாலயே தூவிக்கிட்டு போவாங்க, அப்பத்தான் குலை நல்லா பிடிக்கும். காத்துலதான் மகரந்தம் பரவுதுன்னு ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருந்தாங்க, ரஹ்மான் சையத்னு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர்தான் ஆப்பிரிக்காவுல இருக்கிற கேமரூன் நாட்டுல போய் பாத்து இது ஒரு குட்டி வண்டோட வேலைன்னு காட்டுனாரு. ஆண் பூவுல சோம்பு வாசனை அடிக்கும், வண்டு அங்கதான் தின்னு முட்டை போட்டு வாழும், பெண் பூ விரியறப்ப அதே வாசனை வரவும் அங்கயும் போகும், உடம்புல ஒட்டுன தூள் பூவுல விழுந்துரும். வேற பயிர தொடாதுன்னு சோதிச்சிட்டு 1981ல ஜொகூர் குளுவாங் பக்கம் கொண்டாந்து விட்டாங்க, அதோட கையால தூவுற வேலை போயிருச்சு. நம்ம பொம்பளைங்க பட்ட பாட்ட குறைச்சது ஒரு படிப்புதான், இத சொந்தக்காரங்களுக்கு சொல்லுங்க.

இன்னொண்ணு. செம்பனைல கொட்டையோட ஓடு தடிச்ச ரகம், ஓடு மெலிசான ரகம்னு இருக்குல்ல, மெலிசுல எண்ணெய் ஏறக்குறைய 30 சதவீதம் கூட கிடைக்கும். முன்ன எல்லாம் கன்னு நட்டு, காய்ச்சு, பழத்த வெட்டிப் பாத்தாதான் எது எதுன்னு தெரியும், அதுக்குள்ள வருஷங்க ஓடிரும். அத முடிவு பண்ற மரபணுவ 2013ல கண்டுபிடிச்சாங்க, அந்தக் குழுவ நடத்துனவங்கள்ல ஒருத்தவங்க மலேசிய செம்பனை வாரியத்துல இருந்த டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. இப்ப நர்சரியிலயே இலைய சோதிச்சு சொல்லிரலாம். இருக்கிற நிலத்துலயே எண்ணெய் கூட வந்தா காட்ட அழிக்க வேண்டிய தேவை குறையும்தானே. உங்க மகளுக்கு அந்தம்மா பேர கண்டிப்பா சொல்லுங்க.

செர்டாங்ல இருக்கிற புத்ரா பல்கலைக்கழகம் 1931ல விவசாயப் பள்ளியாதான் ஆரம்பிச்சது, முதல்ல அங்க பாக்கச் சொல்லுங்க. கடைசி வருஷம் சொந்தமா ஒரு ஆராய்ச்சி செய்யணும், இலை மஞ்சளாச்சுன்னா என்ன குறைன்னு சின்ன வயசுலயே அப்பா வாயால கேட்ட பிள்ளைக்கு அங்க பேச நிறைய இருக்கும். செலவுக்கு பிடிபிடிஎன்னு அரசாங்க உயர்கல்விக் கடன் இருக்கு. வேலைன்னா நர்சரி, உரக் கம்பெனி, ஆராய்ச்சி நிலையம், தோட்ட நிர்வாகம்னு பல பக்கம் கதவு இருக்கு.

கேள்வி: எங்க சின்ன நிலத்துல செம்பனை மரம் ஒவ்வொண்ணா அடியில அழுகி சாயுது, கானோடெர்மாங்கிற பூஞ்சை நோய்னு சொல்றாங்க. மருந்து இருக்கா? (அதே ஊர் வாசகர்)

பதில்: பிடிச்ச மரத்த குணமாக்குற மருந்து இன்னும் வரல அண்ணே. டிரைக்கோடெர்மான்னு ஒரு நல்ல பூஞ்சைய வெச்சு இத அடக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. வேர் வழியா பக்கத்து மரத்துக்கு போற நோய், அதனால மறுநடவு செய்யறப்ப பழைய தூரையும் வேரையும் தோண்டி எடுத்தே ஆகணும், அத மண்ணுக்குள்ள விட்டா புதுக் கன்னுக்கும் வரும். செம்பனை வாரியத்தோட டுனாஸ் அதிகாரிங்க சின்னத் தோட்டக்காரங்களுக்கு ஆலோசனை சொல்லத்தான் இருக்காங்க, கன்னு வாங்குறதுக்கு முன்னாடியே கூப்பிட்டு நிலத்த காட்டிருங்க.