காசியில் நாய் பிராண்டியது, ஊர் திரும்பி ஊசி போட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு 57 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உறவினர்களோடு காசிக்கு வந்திருக்கிறோம். முந்தாநாள் காலை அஸ்ஸி படித்துறையில் பிஸ்கட் போடும்போது ஒரு தெருநாய் தாவி, முழங்கைக்குக் கீழே நகத்தால் பிராண்டிவிட்டது. ரத்தம் வரவில்லை, சிவப்பாக ஒரு கோடுதான். கங்கைத் தண்ணீரில் கழுவி மஞ்சள்தூள் வைத்தேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டிடி ஊசி போட்டார்கள். நாளை பிரயாக்ராஜ், அப்புறம் கயா. ஊர் போய்ச் சேர இன்னும் ஒரு வாரம் ஆகும். “கடிக்கவில்லையே, நகம்தானே” என்கிறார்கள் கூட வந்தவர்கள். எனக்கோ தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது. மதுரைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஊர் வரை காத்திருக்காதீர்கள் அம்மா. முதல் ஊசியை இன்றே காசியில் போட்டுவிடுங்கள். யாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் அந்த டிடி விஷயம். அது ரண ஜன்னிக்கான ஊசி. வெறிநாய்க்கடி நோயை அது தடுக்காது. “ஊசி போட்டாச்சே” என்று நிம்மதியாகப் பலர் இருந்துவிடுவது இந்த இடத்தில்தான். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ரேபிஸ் தடுப்பூசி.

நகம்தானே என்பதும் சரியில்லை. கிருமி இருப்பது எச்சிலில். நாய் எந்நேரமும் பாதத்தை நக்கிக்கொண்டிருக்கும் பிராணி. ரத்தம் வராத கீறலை மருத்துவத்தில் இரண்டாம் வகை என்போம், அதற்குத் தடுப்பூசி கட்டாயம். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப்பார்த்திருந்தாலும் அது மூன்றாம் வகை. அப்போது தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். அதனால் மஞ்சளைக் கழுவிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் கோட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். காய்ந்த ரத்தப் புள்ளி தெரிந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து அங்கே கிடைக்காவிட்டாலும், முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் வேறு ஊரில் போட்டுக்கொள்ள முடியும்.

கழுவுவதும் சும்மா நனைப்பது இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, முழுதாக 15 நிமிடம். இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான உறை ஒன்று உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். கங்கையானாலும் வெறும் தண்ணீருக்கு அந்த வேலை தெரியாது. இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று விடாமல் இப்போதும் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் இனி வேண்டாம்.

கபீர் சௌராவில் அரசு மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் “கபீர் சௌரா சர்காரி அஸ்பதால்” என்றால் போதும், உள்ளே “குத்தே வாலா இஞ்செக்‌ஷன்” என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுவார்கள்: இரண்டு கைகளிலும் 0.1 மில்லி. மருந்து கொஞ்சமாக இருக்கிறதே என்று சந்தேகப்படாதீர்கள், அந்த முறைக்கு அதுதான் அளவு. போடும் நாள்கள் 0, 3, 7, 28. கணக்கு ஊசி போட்ட நாளிலிருந்து தொடங்கும். இன்று காசியில் 0, மூன்றாம் நாள் கயாவில், ஏழாம் நாள் மதுரையில். கயாவில் பிண்டம் வைப்பதற்குக் காலையில் போவீர்கள், ஆனால் அரசு மருத்துவமனைகளில் வெளிநோயாளிச் சீட்டு கொடுப்பதும் காலையில்தான். விடுதியில் முன்கூட்டியே நேரம் விசாரித்து வையுங்கள். ரயில் தாமதத்தால் ஒரு நாள் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தனியார் மருத்துவமனையில் தசையில் போட்டால் ஐந்து ஊசி, 0, 3, 7, 14, 28. மேல்கையில்தான் போட வேண்டும், இடுப்பில் கூடாது. எந்த முறையில் தொடங்கினீர்களோ அதிலேயே முடிப்பது நல்லது. ஆகவே சீட்டில் மருந்தின் பெயரும் போட்ட முறையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் உங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் இருக்கும். அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. 1907இல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ஒரு காலத்தில் அதைத்தான் தயாரித்தது. இப்போது அது வழக்கத்திலேயே இல்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம், பத்தியமும் கிடையாது.

தொண்டை அடைப்பது பயத்தால். கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், இரண்டாம் நாளே தண்ணீர் பயம் வராது. அது போய்ச் சேர்வதற்குள் உடம்பைத் தயார் செய்யத்தான் ஊசி. அறிகுறி வந்தபின் காப்பாற்ற எங்களிடம் மருந்து இல்லை என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

கிளம்புமுன் படித்துறை டீக்கடைக்காரரிடம் நாயைக் காட்டி, போன் நம்பர் வாங்கி வையுங்கள். பிராண்டியதிலிருந்து பத்து நாள் கழித்தும் அது நலமாகத் திரிந்தால், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மீதி ஊசியை நிறுத்தலாம். அதே நாய்தானா என்று டீக்கடைக்காரர் இழுத்தால், 28ஆம் நாள் ஊசியையும் போட்டுவிடுங்கள்.