ஜப்பான் ஒரு மாதம் தாமதமாகச் சரணடைந்திருந்தால் மலாயா இந்தோனேசியாவோடு சேர்ந்திருக்குமா?

அறிவிப்பு வந்திருக்கலாம், ஆனால் நிலைத்திருக்காது என்பதே என் கணிப்பு.

1938-ல் கெசாத்துவான் மெலாயு மூடா என்ற மலாய் இளைஞர் அரசியல் அமைப்பைத் தொடங்கிய இப்ராஹிம் யாக்கோப், 1945 ஆகஸ்டில் மலாயாவின் தைப்பிங் நகரில் இந்தோனேசிய விடுதலைத் தலைவர்கள் சுகர்னோவையும் ஹத்தாவையும் சந்தித்து, மலாயாவும் அடங்கிய 'இந்தோனேசியா ராயா' பற்றிப் பேசினார். சில நாளில் ஜப்பான் சரணடைந்தது. 17-ம் தேதி ஜகார்த்தா தனியாகவே விடுதலை அறிவித்தது.

கூடுதலாக ஒரு மாதம் கிடைத்திருந்தாலும் இப்ராஹிம் கையில் என்ன இருந்தது? ஜப்பானியர் உருவாக்கிய சிறு மலாய்ப் படைதான். காட்டிலோ சீனர் பெரும்பான்மையாக இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படை ஆயுதத்தோடு நின்றது. சுல்தான்கள் குடியரசுக்கு எளிதில் இசைந்திருக்க மாட்டார்கள். பலரும் மறந்துவிடுவது இது: மலாயாவின் வட மாநிலங்களான கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவை ஜப்பான் 1943-லேயே தாய்லாந்துக்குக் கொடுத்திருந்தது.

ஜகார்த்தாவுக்குப் போய்விட்ட இப்ராஹிம் 1979-ல் அங்கேயே இறந்தார்.