காரை விடுங்கள், லைசென்ஸை விடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கொக்குவிலில் இருந்து மனைவியிடம் வந்து ஆறு கிழமை ஆகிறது. வீடு ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் பக்கம். ஊரில் பத்து வருடம் வான் ஓடிய கை. இப்போது மச்சான் ஒரு பழைய காரைக் காட்டி, "மலிவாக வருகிறது, உடனே வாங்கு" என்று நிற்கிறார். கார் இல்லாமல் நோர்வேயில் சீவிக்க முடியுமா, இலங்கை லைசென்ஸை வைத்து எவ்வளவு நாள் ஓடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீடு ஸ்டோவ்னரில் என்பதால் என் பதில் சுருக்கம். இந்த வருடம் கார் வாங்காதீர்கள். ஆனால் லைசென்ஸ் எடுக்கும் வேலையை இந்தக் கிழமையே தொடங்குங்கள். மச்சான் கோபிப்பார், பரவாயில்லை.

முதலில் பஸ், ரயில் பக்கம். ஒஸ்லோவில் நிலத்தடி ரயிலை டே-பானே என்போம். ஐந்து வழித்தடம், ஐந்தும் நகர நடுவில் ஒரே சுரங்கத்துக்குள் நுழைந்துதான் பிரிகின்றன. அதனால் எந்த மூலையில் ஏறினாலும் நகரத்துக்குள் வந்து மாறிவிடலாம். உங்களுக்கு 4-ம் 5-ம் இரண்டும் வாசலில். நகர நடுவுக்கு அரை மணித்தியாலம் போதும்; பகலில் பத்து நிமிடம்கூடக் காத்து நிற்கத் தேவையில்லை. காரில் போனால் அதே நேரம் போவது மட்டுமல்ல, போய்ச் சேர்ந்த பிறகு நிறுத்த இடம் தேடுவதற்கும் காசு, நேரம் இரண்டும் போகும்.

ஒஸ்லோவிலும் சுற்றுப்புறத்திலும் பொதுப் போக்குவரத்தை நடத்துவது ரூட்டர். அவர்களுடைய செயலியை இறக்கி முப்பது நாள் ரிக்கற் எடுத்துவிடுங்கள். 1-ஆம் வலயத்துக்கு, அதாவது ஒஸ்லோ நகரத்துக்கு, ஆயிரம் குறோணருக்குள் வரும். அந்த ஒரே ரிக்கற்றில் டே-பானே, ட்ரிக் என்கிற ட்ராம், பஸ், வலயத்துக்குள் ஓடும் ரயில் எல்லாம் அடக்கம். ஃபியோர்ட் என்கிற கடற்கழியில் உள்ள தீவுகளுக்குப் போகும் படகும் அதில்தான். பல வருடம் இங்கே இருந்தும் இந்தப் படகு விஷயம் தெரியாத நம்மவர்கள் இருக்கிறார்கள். யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு ஹூவெதோயா என்ற தீவுக்குப் போய் வாருங்கள்.

இன்னொன்று. பனி விழுந்ததும் 1-ஆம் இலக்க டே-பானேயில் மலை மேலே ஃபிரொங்னர்சேதெரன் வரை போங்கள். அங்கிருந்து கீழே இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்குச் சறுக்குப் பாதை ஒன்று, வளைந்து வளைந்து இறங்கும். பெயரே கொர்கெத்ரெக்கரன், போத்தல் தக்கையைத் திருகி எடுக்கும் கருவி. சறுக்குப் பலகையில் இருந்து கீழே போய்விட்டு, அதே டே-பானேயில் ஏறி மறுபடியும் மேலே வரலாம். ரயிலுக்குள் பலகையும் கையுமாக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே சிரிப்பு வரும். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு நாளில் ஆறு தரம் ஏறி இறங்கியிருக்கிறோம். காரில் போயிருந்தால் ஒரு தரம்தான்.

நிலையங்களில் ரிக்கற்றைச் செருகும் கதவு கிடையாது, நேரே நடந்து போய் ஏறலாம். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரண உடுப்பில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். ரிக்கற் இல்லாவிட்டால் தண்டம் ஆயிரம் குறோணருக்கு மேல். ஏறிய பிறகு செயலியில் வாங்கினாலும் அது ரிக்கற் இல்லாதது போலத்தான். என் பெறாமகன் ஒருவன் பரிசோதகரைக் கண்டபிறகு பொத்தானை அழுத்தினான். வாங்கிய நேரம் திரையிலேயே எழுதியிருந்தது.

ஊர் மினிபஸ்ஸில் கொண்டக்டர் கூவிக் கூப்பிட்டு, பாதி ஓட்டத்தில் ஏற்றுவாரே, அதை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பஸ்ஸுக்குள் யாரும் கதைக்க மாட்டார்கள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நிற்பார்கள். உங்களை வெறுக்கிறார்கள் என்று முதல் மாதம் நினைக்கத் தோன்றும். அவர்கள் ஒருவருக்கொருவரும் அப்படித்தான். நகரத்துக்கு வெளியே, இருட்டில் பஸ்ஸை நிறுத்த வேண்டுமென்றால் கையைக் காட்ட வேண்டும். சட்டையில் ரிஃப்ளெக்ஸ் என்ற ஒளிதெறிக்கும் பட்டி இல்லாவிட்டால் சாரதிக்கு உங்களைத் தெரியாது. ஒக்டோபரில் இருந்து அதைக் குளிர் அங்கியில் தொங்கவிட்டே வைத்திருங்கள். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டி, புரொடர் என்பார்கள், அதையும் ஒரு சோடி வாங்குங்கள். இந்த நாட்டில் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி வீட்டு வாசலுக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையிலான ஐம்பது மீற்றர்தான். விழுந்து கை முறித்தவன் சொல்கிறேன்.

தூரப் பயணத்துக்கு என்தூர் என்ற செயலி நாடு முழுவதற்கும் வழி சொல்லும். விமான நிலையத்துக்குப் போக ஃபிலீதோகெத் என்ற தனி வேக ரயிலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதில் ரூட்டர் ரிக்கற் செல்லாது. சாதாரண ரயில் அதைவிடச் சில நிமிடம்தான் கூட எடுக்கும், விலை ஏறக்குறையப் பாதி. மேற்குக் கரையில் உள்ள பேர்கனுக்கு ஒரு தரமாவது ரயிலில் போங்கள். 1909-இல் திறந்த பாதை, ஏழு மணித்தியாலம் அளவில் எடுக்கும், ஃபின்ஸெ நிலையத்தில் 1222 மீற்றர் உயரத்துக்கு ஏறும். ஃபின்ஸெவுக்குக் கார் வீதியே கிடையாது. யூலையில் மட்டும் கவனம்: ஒஸ்லோவைச் சுற்றி ரயில் பாதை திருத்துகிறோம் என்று நிறுத்திவிட்டு, ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அந்தப் பஸ்ஸைப் பற்றி நோர்வேக்காரர்கள்கூட வாய் திறந்து முறையிடுவார்கள்.

இவ்வளவும் ஒஸ்லோக் கதை. நான் 1988-இல் வந்து, விடுதிப் பாடசாலை ஒன்றில் ஒரு வருடம் படித்துவிட்டு, நாட்டின் வடகோடியில், ஃபின்மார்க்கில் போட்ஸ்ஃபியோர்ட் என்ற ஊருக்கு மீன் வெட்டும் வேலைக்குப் போனேன். அந்தக் காலத்தில் நம்மவர்கள் பலர் அந்தக் கரைகளில்தான் தொடங்கினார்கள். அங்கே ரயில் என்ற சொல்லுக்கே வேலையில்லை. நாட்டின் வடக்கு ரயில் பாதை போடோவோடு முடிந்துவிடும். அதற்கும் வடக்கே நார்விக்கில் ஒரு ரயில் இருக்கிறது, அதுவும் சுவீடனில் இருந்து வருவது. எங்களுக்கு இருந்தது ஹூர்டிகுருட்டன் கப்பல், சின்ன விமானம், மலைக்கு மேலால் போகும் ஒரு வீதி. 1893-இல் தொடங்கிய கப்பல் சேவை அது. பேர்கனில் இருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகம். இன்றைக்கு உல்லாசப் பயணிகள் வடக்கு வானத்தில் ஆடும் ஒளியைப் பார்க்க ஏறுகிறார்கள். நாங்கள் பல் பிடுங்கவும் நண்பனைப் பார்க்கவும் ஏறினோம்.

மலை வீதியில் புயல் அடித்தால் குறுக்குத் தடி இறங்கிவிடும். பிறகு பனி தள்ளும் வாகனம் முன்னே போக, பின்னால் வரிசையாகக் கார்களை விடுவார்கள். கொலொன்னெ என்பது இதற்குப் பெயர். முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கு மட்டும்தான் உலகம். அது மறைந்தால் நின்றுவிட வேண்டும், முந்திப் போகவோ திரும்பவோ கூடாது. ஒரு தரம் தடிக்கு முன்னால் ஐந்து மணித்தியாலம் காரில் இருந்தேன். போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், மண்வெட்டி மூன்றும் இல்லாமல் அந்தப் பக்கம் யாரும் மலை ஏறுவதில்லை. நாளைக்கு உங்களுக்கு வடக்கிலோ மேற்குக் கரைக் கிராமத்திலோ வேலை கிடைத்தால், நான் இப்போது சொன்னதைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். அங்கே கார் என்பது கால்.

அதனால்தான் லைசென்ஸ் என்று சொல்கிறேன். இலங்கை லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளில் இருந்து மூன்று மாதம்தான் செல்லும். உங்களுக்கு ஆறு கிழமை போய்விட்டது. அதற்குப் பிறகு ஓடினால் லைசென்ஸ் இல்லாமல் ஓடிய குற்றம். ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளின் லைசென்ஸை மாற்றித் தருவார்கள். யப்பான், சுவிஸ் போன்ற சில நாடுகளுக்கும் ஒரு வழி உண்டு. நமக்கு அது இல்லை. எல்லாவற்றையும் முதலில் இருந்து படிக்க வேண்டும். பத்து வருட வான் அனுபவம் கடுதாசியில் பூச்சியம். அது வலிக்கும், தெரியும்.

எழுத்துப் பரீட்சையில் 45 கேள்வி, 38 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆங்கிலம் தெரியும், கார் ஓடத் தெரியும் என்று படிக்காமல் போய் நான் முதல் தரம் பெயில். கட்டாய வகுப்புகளும் இருக்கின்றன. முதலுதவி, இருட்டில் ஓடுவது, வழுக்கும் தளத்தில் பயிற்சி, பிறகு வீதியில் 13 மணித்தியாலப் பாடம். இருட்டு வகுப்பைக் கோடையில் நடத்த முடியாது, ஏனென்றால் அப்போது இருட்டே இல்லை! வழுக்கு வகுப்பைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். ஈரமான வழுக்குத் தளத்தில் பிரேக் அடிக்கச் சொல்வார்கள். முப்பதில் நிற்கிற கார் ஐம்பதில் எங்கே போய் நிற்கிறது என்று உடம்பு அறிந்துகொள்ளும். முழுவதற்கும் இருபத்தைந்து, முப்பதாயிரம் குறோணர் ஒதுக்கி வையுங்கள். பழகிய கை என்றால் பாடங்கள் குறையும், ஆனால் பழகிய கைக்கு மறக்க வேண்டியதும் கூட.

மறக்க வேண்டியதில் முதலாவது இடப்பக்கம். அது ஒரு கிழமையில் போய்விடும். உண்மையான சிக்கல் வலப்பக்க விதி. பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தில் இருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும், அவர் வருவது சின்ன ஒழுங்கையாக இருந்தாலும். பெரிய வீதியில் போகிறவன் பெரியவன் என்ற ஊர் நியாயம் இங்கே இல்லை. மஞ்சள் சாய்சதுரப் பலகை கண்டால் முன்னுரிமை உங்களுடையது. வீட்டுத் தொடர்களுக்குள் இந்த விதியால்தான் வேகம் குறைகிறது. பரீட்சை வைப்பவரும் உங்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். கடவையில் கால் வைக்கப் பார்க்கிறவருக்கும் நிற்க வேண்டும். பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். குடி விஷயத்தில் எல்லை இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2, அதாவது ஒரு பியரும் வேண்டாம். கொண்டாட்டத்துக்கு அடுத்த நாள் காலையிலும் யோசித்து ஏறுங்கள்.

அப்புறம் ரயர். ஒஸ்லோவுக்கு வந்த முதல் வருடம், ஒக்டோபர் கடைசியில், கோடை ரயரோடு ஒரு இறக்கத்தில் இறங்கினேன். இரவு மெல்லிய பனி விழுந்திருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. நடந்து போகும் வேகத்தில், மிக மரியாதையாக, ஒரு வேலிக்குள் போய் நின்றேன். சட்டம் திகதியை விடப் பிடிமானத்தைத்தான் பார்க்கும். பனியோ ஐஸோ இருந்தால் அதற்கேற்ற ரயர் உங்கள் பொறுப்பு. ஆணி வைத்த ரயரைத் தெற்கில் நவம்பர் 1-இல் இருந்து ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரை போடலாம், ஆனால் ஒஸ்லோவுக்குள் அதற்கு வேறு கட்டணம். நகரத்துக்குள் ஆணியில்லாத குளிர்கால ரயர் போதும். ஆக, கார் வாங்குகிறவர் எட்டு ரயர் வாங்குகிறார், நாலை வைக்க இடமும் தேடுகிறார். மச்சான் சொன்ன மலிவு விலையில் இது அடங்கவில்லை.

நகரத்துக்குள் வரும் கார்களிடம் வீதிக் கட்டணம் வாங்கும் சுங்க வளையமும் அடங்கவில்லை. ஒஸ்லோவைச் சுற்றி 1990-இல் இருந்து இருக்கிறது. தடை, காவலாளி எதுவும் இல்லை. கமரா இலக்கத்தைப் படித்துக் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும். ஓட்டோபாஸ் கருவியைக் கண்ணாடியில் ஒட்டினால் கழிவு கிடைக்கும். மின்சாரக் காருக்குக் கட்டணம் குறைவு. 2024-இல் இங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது அளவில் மின்சாரம். அதனால் மலிவாக வரும் பழைய டீசல் கார் ஏன் மலிவு என்று மச்சானிடம் ஒருக்கால் கேளுங்கள். வீதிக்குப் போடும் உப்பில் அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் செய்யும் கட்டாயப் பரிசோதனைக்கு எப்போது போக வேண்டும் என்று பார்க்காமல் எந்தப் பழைய காரிலும் கை வைக்காதீர்கள்.

இடையில் கார் தேவைப்பட்டால், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, ஒரு நாள், இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். சுவீடன் எல்லை கடந்து ஸ்ட்ரொம்ஸ்டாட்டில் இறைச்சியும் அரிசியும் வாங்க எல்லோரும் போவார்கள், மாதம் ஒரு தரம் யாருடைய காரிலாவது உங்களுக்கும் இடம் கிடைக்கும். முதியோர் இல்லங்களுக்கு வெளியே வீடு வீடாகப் போகும் பராமரிப்பு வேலை, பொதி கொண்டுபோகும் வேலை இரண்டுக்கும் லைசென்ஸ் கேட்பார்கள். கார் அவர்களே தருவார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. கார் பழக்கும் பாடசாலைக்கு வெளியே ஓடிப் பழக வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும், இடைவிடாமல் ஐந்து வருடம் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். காரின் பின்னால் வெள்ளையில் சிவப்பு எல் எழுத்தும், உள்ளே இன்னொரு கண்ணாடியும் வேண்டும். மனைவிக்கு ஐந்து வருடம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தாலும் மச்சானோடு பழகுங்கள். அந்தக் கோபமும் தீரும், வீட்டுச் சமாதானமும் கெடாது.