சைக்கிள் கேள்வி பதில்: எட்டு விநாடியில் போன மஞ்சள் ஜெர்சி

(சேலத்தில் சைக்கிள் கடை நடத்திவரும் நம் பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 8 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தது அவர் மாட்டியிருந்த புது ஹேண்டில்பாரால்தான் என்கிறார்கள். உண்மையா அண்ணா?
– கல்லூரி மாணவர், அம்மாபேட்டை

பாதி உண்மை தம்பி. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு ரொம்ப நாளாக வருத்தம் உண்டு.

டூர் என்பது மூன்று வாரம் கட்டம் கட்டமாக நடக்கும் பந்தயம். எல்லாக் கட்டத்தின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். ஜூலை 23, கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் டைம் ட்ரையல். பிரெஞ்சுக்காரர் லொரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையோடு கிளம்பினார். லெமாண்ட் 26 நிமிடம் 57 விநாடியில் முடித்தார், சராசரி மணிக்கு 54.5 கிலோமீட்டர். ஃபின்யோனுக்கு அவரைவிட 58 விநாடி அதிகம் பிடித்தது. 3,285 கிலோமீட்டர் ஓட்டியபின் மிஞ்சிய வித்தியாசம் 8 விநாடி.

அந்த ஹேண்டில்பார் ட்ரையத்லான்காரர்கள் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்காரர்கள்) பயன்படுத்தியது. முழங்கைகள் இரண்டையும் நெருக்கி, கைகளை முன்னால் நீட்டிக் குனிந்துகொள்ளலாம். அவ்வளவு வேகத்தில் நாம் மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது, அதனால் அதன் பலன் பெரிது. லெமாண்ட் தலையில் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட் வேறு. ஃபின்யோன் ஹெல்மெட் இல்லாமல், பின்னால் கட்டிய முடி பறக்க, பழைய மாதிரி ஹேண்டில்பாரில் ஓட்டினார்.

ஆனால் ஒன்று. லெமாண்ட் அதை ஒளித்துவைத்துக் கடைசி நாளில் எடுக்கவில்லை. ஐந்தாம் கட்டத்தில், ரென் நகரில் முடிந்த 73 கிலோமீட்டர் டைம் ட்ரையலிலேயே எல்லார் கண்முன்னாலும் அதை மாட்டித்தான் ஜெயித்தார். அன்று மஞ்சள் ஜெர்சி (மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணிவது) அவருக்கு, 5 விநாடி முன்னிலை. பிறகு பிரனீஸ் மலையில் ஃபின்யோன் 7 விநாடி முன்னுக்கு வந்தார். ஆல்ப்ஸ் தொடங்கியதும் லெமாண்ட் 40 விநாடி முன்னுக்குப் போனார், அடுத்த நாள் அது 53 ஆனது. மூன்று வாரமும் இரண்டு பேரும் ஜெர்சியை மாற்றி மாற்றிப் பறித்துக்கொண்டார்கள். எல்லா விநாடியும் ஒரே கணக்கில்தான் சேர்கிறது. கடைசி நாளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து ஹேண்டில்பார் கதையாகச் சொன்னால், அந்த மலைகளில் இருவரும் பட்ட பாடு காணாமல் போய்விடுகிறது.

எனக்கு அந்தப் பந்தயத்தின் உச்சம் ஆல்ப் துயேஸ் மலை ஏற்றம். ஃபின்யோனின் அணி இயக்குநர் சிரில் கிமார், முன்பு ரெனோ அணியில் லெமாண்டுக்கும் அவர்தான் இயக்குநர். லெமாண்ட் தளரும்போது உடம்பு எப்படி அசையும் என்று அவருக்குத் தெரியும். அன்று அதைப் பார்த்துவிட்டு, காரில் முன்னால் வந்து ஃபின்யோனிடம் ‘இப்போது போ’ என்றார். சுமார் 4 கிலோமீட்டர் மிச்சம் இருந்தபோது ஃபின்யோன் பாய்ந்தார். உச்சியில் 1 நிமிடம் 19 விநாடி லாபம், மஞ்சள் ஜெர்சி மறுபடி அவருக்கு. மறுநாள் கட்டத்தை அவர் வென்று முன்னிலையை 50 விநாடி ஆக்கினார்.

அப்புறம் சீட் புண். கடைசி நாட்களில் அவரால் ஒழுங்காக உட்காரவே முடியவில்லை. அந்த நிலையில் மணிக்கு 52 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறார். 1983, 1984 இரண்டு முறை டூரை வென்றவர், அதே 1989-ல் இத்தாலியின் பெரிய பந்தயமான ‘ஜீரோ டி இத்தாலியா’வையும் வென்றவர். 2010-ல் புற்றுநோயில் இறந்தார். அவரை ‘8 விநாடியில் தோற்ற ஆள்’ என்று மட்டும் சொல்லாதே தம்பி.

லெமாண்ட் உடம்பில் துப்பாக்கி ரவைகளோடு ஓட்டினாராமே, நம்பலாமா?
– இல்லத்தரசி, சூரமங்கலம்

நம்பலாம் அம்மா. 1986-ல் டூரை வென்ற முதல் அமெரிக்கர் அவர். அடுத்த ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்குப் போன இடத்தில், மைத்துனரின் துப்பாக்கி தவறுதலாக அவரைச் சுட்டுவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது. முப்பதுக்கும் மேற்பட்ட ரவைகளை எடுக்க முடியாமல் விட்டுவிட்டார்கள், சில இதயத்தின் மேலுறையிலேயே. இரண்டு வருடம் டூர் பக்கம் வர முடியாமல் இருந்துவிட்டு வந்து ஜெயித்தது இந்த 1989. மறுவருடமும் அவர்தான், அதுவும் ஒரு கட்டத்தில்கூட முதலாக வராமல். மொத்த நேரம் குறைவாக இருந்தால் போதும், கோப்பை கிடைத்துவிடும்.

ஆல்ப் துயேஸில் 21 கொண்டை ஊசி வளைவு, நம் ஏற்காட்டில் 20. எது கஷ்டம்?
– காபித் தோட்ட மேஸ்திரி, ஏற்காடு

ஐயா, உயரத்தில் நம் மலை குறைச்சலே இல்லை. சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். ஆல்ப் துயேஸ் ஏற்றமும் சுமார் 1,100 மீட்டர்தான். ஆனால் அவர்கள் அதை 14 கிலோமீட்டருக்குள் ஏறிவிடுகிறார்கள், சராசரிச் சரிவு எட்டு சதவீதம். நமக்கு அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று கால் சூடாக நிறைய தூரம் கிடைக்கிறது. அங்கே வளைவு எண் மேலே போகப் போகக் குறையும். ஒவ்வொரு வளைவிலும் அந்த மலையில் ஜெயித்தவர் பெயர்ப் பலகை உண்டு. 1952-ல் முதலில் ஜெயித்த ஃபௌஸ்தோ கோப்பி பெயரும் இருக்கிறது. நம் மலைப்பாதையிலும் விடிகாலையில் பசங்க கூட்டமாக ஏறுகிறார்கள். அவர்கள் பெயரும் ஒரு பலகையில் வரவேண்டும் என்பது என் ஆசை.

ஏறும்போது காற்று பொருட்டே இல்லை, எடைதான் எல்லாம். ஹேண்டில்பாருக்குச் செலவு செய்யாதீர்கள், பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போடுங்கள். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டுவிடுங்கள். மேலே ஏறும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நில்லுங்கள்.

அதே 1989 டூரில் முந்தைய வருட சாம்பியன் தாமதமாக வந்தாராமே?
– வாசகர், ஆத்தூர்

ஆமாம், ஸ்பெயினின் பெட்ரோ டெல்காடோ. லக்சம்பர்கில் முதல் நாளே 2 நிமிடம் 40 விநாடி தாமதமாகக் கிளம்பினார். மறுநாள் அணி டைம் ட்ரையலிலும் தளர்ந்து மேலும் நேரத்தை இழந்தார். அப்படியும் மலைகளில் விரட்டிவந்து 3 நிமிடம் 34 விநாடி பின்னால் மூன்றாவதாக முடித்தார். முதல் நாள் தாமதத்தை முழுசாகக் கழித்தாலும் 54 விநாடி போதவில்லை. அவரைச் சாய்த்தது மறுநாள்தான் என்பது என் கணக்கு.